குளோரிங் அக்கா நம்பிய வக்கீல்

"இன்னும் எத்தனை பேருடா கெளம்பியிருக்கீங்க? வைடா போனை!" என்று கத்திவிட்டு குளோரிங் அக்கா கருவாட்டை எடைபோடப் போனாள். போனில் பேசியது ஒரு பெண் என்பதுகூடக் கோபத்தில் அவள் மண்டையில் ஏறவில்லை. எதிர்க் கடையில் காய்கறி விற்கும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவளைக் குறை சொல்லவும் முடியாது. 'கப்பல் வேலைக்குப் போன உன் மகன் அடிதடியில் மாட்டிக்கொண்டான், நான் அரசு வக்கீல், பணம் அனுப்பு, விட்டுவிடுகிறோம்' என்று ஒருவன் போனில் சொல்லி, இரண்டு பன்றி விற்ற காசைச் சுருட்டிவிட்டான். ஆளைப் பிடித்து வழக்கும் போட்டாகிவிட்டது. இப்போது நிஜ அரசு வக்கீல் கூப்பிட்டாலும் அக்காவுக்கு அதே பயம்.

மத்தியானம், போனில் பேசிய அந்த நிஜ வக்கீலே எங்கள் ஹாரோ சந்தைக்கு வந்துவிட்டார். ரொசெல் என்று பெயர், சின்ன வயது, புதுச் செருப்பு முழுக்க மீன் தண்ணீர்.

"அக்கா, நாளைக்கும் நீங்க கோர்ட்டுக்கு வரலைன்னா ஜட்ஜ் கேஸைத் தள்ளிடுவார். அவன் சிரிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போயிடுவான்."

தன் அடையாள அட்டையைக் காட்டினார். "இதையெல்லாம் பஸ் ஸ்டாண்டுல அச்சடிச்சுத் தரான். விடாதீங்கடி இவளை!" என்றாள் இறால் விற்கும் நெனிங். இரண்டு பேர் வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் பங்குக்கு நானும் ஒரு சுரைக்காயை ஓங்கிக்கொண்டு நின்றேன்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நான் வந்தா ஜெயிச்சிடுவோமா?"

"தெரியாதுக்கா."

"என் காசு?"

"கேட்டு வாதாடுவேன். வரும்னு சத்தியம் பண்ண முடியாது. அவனோட வக்கீல் உங்களைக் குடைஞ்சு எடுப்பான். அழுகைகூட வரும். நான் பக்கத்துலயே இருப்பேன், அவ்வளவுதான்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கைய விடுங்கடி! அந்தத் திருடன் நான் கேட்டதுக்கெல்லாம் 'ஆகட்டும்'னான். ஒண்ணுமே தெரியாதுங்குது இது. இதுதான் நிஜம்!"

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சுரைக்காயை அவருக்கே கொடுத்துவிட்டேன். கோர்ட்டில் என்ன சொல்லவேண்டும் என்று அக்கா கேட்டதற்கு, "நடந்ததை மட்டும் சொல்லுங்க. நான் சொல்லிக்கொடுக்கக் கூடாது" என்றார் வக்கீல். நெனிங் அதற்குள் இறால் கூடையைக் கவிழ்த்துப்போட்டு, ஒத்திகைக்கு ஜட்ஜாக அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் மீன் வரிசையில் கடை திறக்க ஆளில்லை. ஒரு ஜீப்னி வண்டி நிறைய நாங்கள்தான். கோர்ட்டில் எங்கள் வாடைக்கு குமாஸ்தா மூக்கைச் சுளித்தார். முன் வரிசையில் அந்தத் திருடன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அக்கா இன்றைக்கும் வரமாட்டாள் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"குளோரியா பாசினாபோ வந்திருக்காங்களா?" என்று அக்காவின் முழுப் பெயரைச் சொல்லி குமாஸ்தா கூப்பிட்டார்.

"இருக்கா!" என்று மூன்று பெஞ்சும் சேர்ந்து கத்தியது. ஜட்ஜ் சுத்தியலைத் தேடினார். ரொசெல் சிரிப்பை மறைக்கக் காகிதத்துக்குள் குனிந்துகொண்டார். சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கவுனை நீவிவிட்டபடி அக்கா எழுந்து நடந்தாள். அவன் மெல்லக் காலைக் கீழே இறக்கினான்.