எண்பத்திரண்டு நாள் சந்தோஷம்

காலை ஏழு மணியானால் செல்போன் கேட்கும்: "இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?" மருத்துவம் படிக்கிற பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்கவென்று கல்லூரியே கொடுத்த ஏ.ஐ. செயலி அது. ஏழு பத்துக்குள் பதில் போகாவிட்டால் அன்றைய வருகை போச்சு. வருத்தம் என்று எழுதினாலோ, வார்டு நேரத்தில் ஆலோசனைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அந்த வருகையும் போச்சு. பாவம், பிள்ளைகள் என்னதான் செய்யும்?

விடுதி அறையில் இரண்டு போனுக்கும் லீடர்தான் பதில் எழுதுவாள். வகுப்புத் தலைவி என்பதால் எல்லாருக்கும் அவள் லீடர். வகுப்பில் அடுத்தவளுக்காக 'உள்ளேன்' சொல்லிப் பழகிய வாய்தானே! அவளுடைய அறைத்தோழி சிட்டு போனை நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"எனக்கும் சேத்து நீயே சிரிச்சு வைடி."

எழுதியதையே எழுதினால் செயலி கண்டுபிடித்துவிடும். அதனால் லீடர் தினுசு தினுசாகக் கற்பனை செய்து எழுதினாள். வார்டில் ஒரு குழந்தை சிட்டுவின் விரலைப் பிடித்துக்கொண்டது. சிட்டு அயர்ந்து தூங்கினாள். தன்னோடு தினமும் பேசுகிற தன் அம்மாவைக்கூடத் தூக்கிச் சிட்டுவுக்குக் கொடுத்தாள். எழுத எழுத அவளுக்கே அது நிஜமாகிப் போனது. சுவர்ப்பக்கம் கிடந்தவளைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் வார்டில் ரத்தம் எடுக்கும்போது சிட்டுவின் கையிலிருந்து ஊசி நழுவிக் கீழே விழுந்தது. அவளும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சரியாகத் தூங்கி இரண்டு மாதம் ஆகிறதாம். மூன்று மாத விடுப்புக் கிடைத்தால் படிப்பு பிழைக்கும். இல்லையென்றால் வருகை குறைந்து பெயரையே நீக்கிவிடுவார்கள்.

டீன் அறைக்கு லீடரும் கூடவே போனாள். டீன் அம்மா பொல்லாதவரில்லை. செயலி அனுப்பிய அறிக்கையைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

"எண்பத்திரண்டு நாளும் சந்தோஷம்னு இருக்கேம்மா? 'அம்மாகிட்ட பேசினேன், மனசு லேசாச்சு'ன்னு போன வாரம்கூட எழுதியிருக்கே. இத வச்சுக்கிட்டு நான் எப்படி லீவு தர்றது?"

லீடர் முன்னால் வந்தாள். "மேடம், அதெல்லாம் நான் எழுதினது. இவ ஒரு வார்த்தைகூட எழுதல."

டீன் அம்மா பரிவோடு சிரித்தார். "சிநேகிதிக்காகப் பழிய ஏத்துக்கறியா? நல்ல மனசுதான். ஆனா ஆரம்பத்துலேர்ந்து எல்லாத்தையும் ஒரே ஆள்தான் எழுதியிருக்குன்னு ஆப் உறுதி பண்ணியிருக்கே."

விடுப்புக் கிடைக்காமலேயே இருவரும் அறைக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் கேட்டது. லீடர் அதைச் சிட்டுவின் கையில் திணித்தாள். "இன்னிக்கு நீயே எழுதுடி. உள்ளத உள்ளபடி எழுது."

சிட்டு வெகுநேரம் யோசித்து ஒரே வரி எழுதினாள்: என்னால் முடியவில்லை.

உடனே செயலி சொன்னது: "இது உங்கள் வழக்கமான நடையாக இல்லை. உங்கள் கணக்கை வேறு யாரோ பயன்படுத்துவதாகத் தெரிகிறது. பதில் ஏற்கப்படவில்லை."

"பாத்தியா, அதுக்கு என்னை அடையாளமே தெரியல" என்றாள் சிட்டு. போனை லீடரிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மணி ஏழு எட்டு. இந்த வருகையும் போனால் எல்லாமே போய்விடும். லீடர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். குழந்தை விரலைப் பிடித்ததை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. வேறு ஏதாவதுதான் யோசிக்க வேண்டும்.