கிரகணம் பார்த்த படம்

மலேசியா வந்த ஆறே நாளில் நான்கு பேரிடம் சண்டை போட்டுவிட்டேன். நான்காவது ஆள் மகதலேனா ஆன்டி. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வீட்டில்தான் எனக்கு ஓர் அறை. கிள்ளான் கிளினிக்குக்குத் தனியாகப் போகிறேன் என்று நான் சொன்னதும், கூட வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நான் என்ன குழந்தையா ஆன்டி?"

"புது ஊரு லா. ட்ரெய்ன் மாத்தி ஏறி ரவாங்ல போய் நின்னா யார் தேடுறது? என் தங்கச்சி வீடும் கிள்ளான்லதான். வா வா."

எனக்கு எரிச்சல் வழி தெரிந்தவர் கூட வருவதில் இல்லை. விஷயம் வேறு. படிக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். மூன்றாம் நாளே நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் கிளினிக்கிலிருந்து போன்: டாக்டர் பார்க்க வேண்டுமாம். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா?

பதினாறு வயதில் எனக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை தின்றேன், போய்விட்டது. வலது பக்கம் ஒரு தழும்பு மட்டும் தங்கிவிட்டது. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் ஓர் ஈ காக்காய்க்குக்கூட இது தெரியாது. "டைபாய்டுன்னு சொல்லு. நாளைக்கு எவன்டி உன்னைக் கட்டுவான்?" என்றாள் அம்மா. சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிவிட்டது. இங்கே படிவத்திலும் முன்பு காசநோய் வந்ததுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்துத் தொலைத்தேன். இப்போது மாட்டிக்கொண்டால் விசா போச்சு, ஸ்காலர்ஷிப் போச்சு. ஆன்டிக்குத் தெரிந்தால் அறையும் போச்சு.

கிளினிக் வாசலோடு போய்விடுவார் என்று பார்த்தால், ஆன்டி என் பின்னாலேயே டாக்டர் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் கமலநாதன் அவரை என் அம்மா என்றே நினைத்திருப்பார்.

"தாமரை, இந்த இடத்துல ஒரு நிழல் தெரியுது. முன்னாடி டிபி வந்திருக்கா? இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"வரல."

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னைப் படுத்தியது. "பழைய தழும்புன்னா பயமே இல்ல மா. புதுசுன்னா நான் பாஸ் போட முடியாது. பழைய படம் இருந்தா ரெண்டையும் வச்சுப் பாத்துடலாம். அதான் கேக்குறேன்."

வந்ததே ஒரு கோபம்! அவர்மேலா, அம்மாமேலா, என்மேலா, தெரியாது. "வந்துச்சு! பதினாறு வயசுல வந்துச்சு, போயிடுச்சு, போதுமா?" என்று கத்திவிட்டேன். ஆன்டி பக்கம் திரும்ப எனக்குத் தைரியமில்லை.

"போதும்" என்றார் டாக்டர். "படம் இருக்கா?"

இருந்தது. அம்மா அதன் மூலையில் என் பெயர் இருந்த இடத்தில் கறுப்பு டேப்பை ஒட்டி, பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். 2019 டிசம்பரில் சூரிய கிரகணம் வந்தபோது தெருவே எக்ஸ்ரே பிலிம் தேடி அலைந்தது. கண்ணுக்குக் கெடுதல் என்று யார் கேட்டார்கள்? எதிர்வீட்டு இராஜம்மா அக்கா எப்படியோ அதைக் கண்டுபிடித்து எடுத்துப் போனார். யாரோ சொந்தக்காரருடையது என்று அம்மா சமாளித்தாள். திருப்பிக் கேட்டால் எதற்கு என்று கேட்பார்களே என்று அதன் பிறகு கேட்கவே இல்லை.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே அப்போது காலை எட்டரை மணி.

"அவகிட்ட போய் என்னன்னுடி கேக்குறது?" என்றாள் அம்மா. "குழாயடில எல்லாரும் நிக்கிறாளுக."

"கேக்காட்டி நான் அடுத்த ப்ளைட்ல வந்து நிப்பேன். பரவாயில்லையா?"

அம்மா போனை வைத்துவிட்டாள். திரும்பினால் ஆன்டியும் இல்லை. சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பெட்டியில் எதை முதலில் அடுக்குவது என்றுகூட யோசித்துவிட்டேன். அழுகை வந்தது.

கால் மணி நேரத்தில் ஆன்டி ஐஸ் டீ கட்டிய இரண்டு பைகளைக் கையில் தொங்கவிட்டபடி வந்தார். "கடையில தப்பாவ் பண்ணிக் கட்டிட்டு வந்தேன். குடி. மூஞ்சியப் பாரு, பேயடிச்ச மாதிரி." எனக்குப் பக்கத்தில், ஒட்டித்தான் உட்கார்ந்தார்.

போன் சிணுங்கியது. படம் வந்திருந்தது. கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள் வானத்துக்கு நேராக அந்த பிலிமைப் பிடித்திருந்தன. இராஜம்மா அக்காவின் கைகள். என் விலா எலும்புகளுக்குப் பின்னால் திண்டுக்கல் வெயில். மூலையில் பசை அழுக்கோடு என் பெயரும் தேதியும் தெரிந்தன. டேப் இல்லை.

உள்ளே ஓடிக் காட்டினேன். டாக்டர் போனையும் தன் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதே தழும்பு. அப்போ எப்படியோ அப்படியேதான் இருக்கு. பாஸ் போட்டுடுறேன். அந்த 'இல்லை'ய மட்டும் அடிச்சுட்டு சரியா எழுதிக் கையெழுத்துப் போடுங்க மா."

அப்பாடா! எழுதினேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி வந்தது. வந்தால் வரட்டும்.

வாசலில் ஆன்டியைக் கேட்டேன். "நான் அறையைக் காலி பண்ணணுமா?"

"எதுக்கு? நேத்துதான் உனக்குத் தனிச் சாவி வெட்டினேன். அதான் போயிடுச்சுன்னு கத்துனியே, காது கேக்கும் லா எனக்கு. நட, தங்கச்சி நண்டு ஆக்கி வச்சிருக்கா."

போகும் வழியில்தான் அம்மா அனுப்பிய குரல் பதிவைக் கவனித்தேன். பின்னால் குழாய்த் தண்ணீர் குடத்தில் விழும் சத்தம்.

"டேப்ப நானேதான்டி பிச்சேன். எல்லாரும் பாத்தாளுக. எம்பொண்ணு படம்தான், அவளுக்குத்தான் வந்துச்சுன்னு சொல்லிட்டேன். இதுக்கா எட்டு வருசமா மூடி வச்சன்னு இராஜம்மா திட்டுறா. திட்டட்டும். எனக்கு இப்பதான்டி மூச்சு வருது. நீ சாப்புட்டியா? படத்த இனிமே அவகிட்ட குடுக்க மாட்டேன். நம்ம வீட்டு ஜன்னல்லதான் மாட்டப்போறேன், பேர் தெரியுற மாதிரி."

ஆன்டி இன்னொரு முறை போடச் சொன்னார். சத்தத்தைக் கூட்டிப் போட்டேன்.