துட்டி கேட்க வந்தவள்

தறிச் சத்தம் கேட்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் அதைத்தான் முதலில் உணர்ந்தேன். சனிக்கிழமை முற்பகலில் அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெரு ஒன்று அப்படி வாயடைத்துக் கிடந்தால் தெருவில் யாரோ இறந்திருக்கிறார்கள் என்று பொருள். காரியம் முடியும்வரை ஒரு வீட்டிலும் தறியில் நாடா ஓடாது.

அம்மாவாக இருந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அம்மாவுக்கு இழுப்பு நோய். காற்று மாறினாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

நான் வந்ததே அம்மாவைப் பார்க்கத்தான். அது அறுபத்தேழாம் வருடம். பந்தல்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. அங்கே தங்கத்தாய் என்கிற கிறிஸ்தவ விதவையின் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, அந்த ஊர்க் கண்மாயில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் போய்ச் சொல்வதற்கு முன்னால் நானே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். கேட்ட பிறகும் அவள் என்னை மகள் என்று வைத்துக்கொள்வாளா? அந்த ஒரு வாரமும் எனக்குள் ஓடிய கேள்வி இது ஒன்றுதான். அப்பாவும் அண்ணனும் என்ன செய்வார்கள் என்று தெரியும். அம்மாவைப் பற்றித்தான் தெரியாது.

பயந்துகொண்டுதான் வந்தேன். பயம் எனக்குப் புதிதில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மறுபடி எழுந்துபோய்த் தொட்டுப் பார்ப்பவள் நான். தங்கத்தாய் அக்கா வீட்டுச் சாயங்கால ஜெபத்தில் முதலில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள், பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் நடுவில் இயேசு வந்து நின்றதைப் பற்றி அக்கா வாசித்தாள். அவர் யாரையும் கதவைத் திறக்கச் சொல்லவில்லை, ஏன் பயந்தாய் என்று திட்டவும் இல்லை. அப்படி ஒருவர் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் நடந்தது. வெளியே சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வேலைக்காக மாறினாள், கல்யாணத்துக்காக மாறினாள் என்பார்கள்.

முங்கி எழுந்தால் மனசுக்குச் சமாதானம் வரும் என்று போதகர் சொல்லியிருந்தார். முங்கி எழுந்தேன். காதுக்குள் தண்ணீர் போனது. சமாதானம் வரவில்லை. அப்பாவின் முகம்தான் வந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தெருவில் முத்துலட்சுமி வாசலில் நின்று தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். கூடப் படித்தவள்.

“முத்து, யாரு தவறிட்டாக?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கை வாய்க்குப் போனது. விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“நீ எதுக்குடி வந்தே? போயிரு. அப்படியே திரும்பிப் போயிரு.”

அம்மாதான் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு நடந்தேனா ஓடினேனா என்று நினைவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தார். அண்ணன் சென்னகேசவனுக்கு அப்போதுதான் தலை மழித்திருந்தது. காதுக்குப் பின்னால் சோப்பு நுரை காயாமல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் புதுப்பானை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றாத அளவுக்குத் திகைத்துப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அம்மாவின் குரல் கேட்டது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழ, அம்மா நடுவில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா உயிரோடு இருக்கிறாள். எனக்குச் சிரிப்புகூட வந்திருக்கும். அப்பா இருக்கிறார், அண்ணன் இருக்கிறான், அம்மா இருக்கிறாள். பிறகு இந்த வீட்டில் சாக யார் இருக்கிறார்கள்?

வட்டத்துக்கு நடுவில் ஒரு பலகை இருந்தது. அதன் தலைமாட்டில் விளக்கு. பலகைமேல் ஒரு நீலச் சேலை, நான்காக மடித்து வைத்திருந்தது. நான் டீச்சர் டிரெயினிங் முடித்தபோது அப்பா எனக்கென்று தன் கையால் நெய்த சேலை அது. சேலைமேல் என் சீப்பு. பல்லிடுக்கில் என் முடி இரண்டு இழை அப்படியே இருந்தது.

அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். குலத்தை விட்டுப் போனவர்களைச் செத்தவர்களாக வைத்துக் காரியம் செய்து தலைமுழுகிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். யாருக்கோ, எந்த ஊரிலோ. என் சீப்பை வைத்துச் செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை. பிறகுதான் தெரிந்தது: ஞாயிற்றுக்கிழமை நூல் லோடு ஏற்றிக்கொண்டு பந்தல்குடி வழியாக வந்த லாரியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். கண்மாய்க் கரையில் வெள்ளைச் சேலையில் ஈரத்தோடு நின்ற என்னைப் பார்த்திருக்கிறார். சேதி எனக்கு முன்னாலேயே வீடு வந்துவிட்டது.

பின்னால் அண்ணனின் குரல் வெடித்தது.

“இவளை யாரு உள்ள விட்டது? வெளிய போகச் சொல்லுங்க.”

மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பஞ்சம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா, வெற்றிலையை மென்றபடியே கேட்டாள்.

“எவளைடா சொல்றே?”

“இந்தா நிக்கிறாளே, இவளைத்தான்.”

“செத்தவளுக்குத் தலைய மழிச்சுட்டு வந்து நிக்கிறே. இப்ப அவகூட மல்லுக்கு நிக்கப் போறியா? ஒரு வார்த்தை பேசினாலும் காலையில இருந்து செஞ்சது பூராம் வீணு. மறுக்கா மழிக்கணும்னா ஒனக்குத் தலையில மசுரு வேணும்லடா.”

ஒரு பெண் சிரிப்பை முந்தானையில் அமுக்கினாள். வாசலிலிருந்து தெருப் பெரியவர் சௌடப்பன் எட்டிப் பார்த்தார். அவர் என் தலைக்கு மேலே இருந்த உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அவுக சொல்றது சரிதான். ஏப்பா சென்னகேசவா, நீ வெளிய வா. துட்டி கேக்க யாரோ பொம்பளை வந்திருக்காக. வந்தவுக அழுதுட்டுப் போவாக. நமக்கென்ன?”

அத்தை எனக்கு உதவினாளா, கேலி செய்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். நான் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க வந்தவள். துட்டி வீட்டுக்கு வருகிற பெண் யாராக இருந்தாலும், பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாத பகையாளியாக இருந்தாலும், வட்டத்தில் உட்கார இடம் விட வேண்டும். பறிகொடுத்தவள் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். மாட்டேன் என்று கையை மடக்கிக்கொள்ள முடியாது.

உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் என்னைப் பார்க்காமலே நகர்ந்து இடம் விட்டார்கள். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் என்னைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் எல்லாம் கெட்டுவிடும். அவள் குரல் மட்டும் என் பக்கம் திரும்பியது.

நாங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். அழுவது தமிழில்.

பேச்சு வரலேன்னு – எம்புள்ளைக்குப்
பேச்சு வரலேன்னு
ஆத்தா வாசலிலே
அங்கமெல்லாம் புழுதிபட
உருண்டேனே எம்மகளே – நீ
ஊமையாப் போனாயோ

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பேசாத பிள்ளையாக இருந்தேன் என்பதே எனக்குத் தெரியாது. எந்தக் கோவில் வாசலுக்கு இனி வரமாட்டேன் என்று நான் சொல்ல வந்தேனோ, அந்த வாசலில் எனக்காக அம்மா உருண்டிருக்கிறாள். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான் சாக வேண்டியிருந்தது, அவள் இதைச் சொல்ல. குற்றம் செய்துவிட்டேனா என்று எனக்குள் கேட்டேன். அம்மா உருண்டதும் உண்மை, அந்தப் பூட்டிய அறைக்குள் வந்தவரும் உண்மை. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க என்னிடம் கை போதவில்லை.

அம்மாவின் கைகள் நீண்டன. அவளைக் கட்டிக்கொண்டேன்.

கண்கள் மூடியே இருந்தன. ஆனால் அந்தக் கைகள் வேறு ஒரு வேலை செய்தன. அழுகிறவளின் கை முதுகில் கிடக்கும். அம்மாவின் கை என் தோளைத் தடவியது, விலா எலும்பைத் தொட்டுப் பார்த்தது, முழங்கையில் சின்ன வயதில் கொதிகஞ்சி பட்ட வடுவில் வந்து நின்றது. இளைத்திருக்கிறேனா என்று பார்க்கிறாள். அவளுக்கு அருகில் இருந்த பெண்கள் சத்தமாக அழுதுகொண்டிருந்தார்கள். அம்மா மறுபடி எடுத்தாள்.

தண்ணிக் குழாயடிக்கும்
தனியாப் போகமாட்டாயே
முந்தானை பிடிக்காம
முத்தம் தாண்டமாட்டாயே
அம்புட்டுத் தூரத்துக்கு – நீ
ஆரோட போனாயோ – எந்தாயி
அஞ்சித்தான் போனாயோ

பாட்டு அங்கே நின்றது. அவள் மேலே போகவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அது ஒப்பாரி இல்லை. என்னைக் கேட்கிறாள்.

அம்மாவை நான் ஒருநாளும் ‘நீங்க’ என்று சொன்னதில்லை. துட்டி கேட்க வந்தவள் அப்படித்தான் பேச வேண்டும்.

“உங்க மக பயப்படாமத்தான் போனா” என்றேன்.

பொய் சொல்லப் போகிறேன் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். பெற்றவளுக்கு ஆறுதலாக ஒரு பொய். ஆனால் சொல்லி முடித்ததும், எனக்குள் பயத்தைத் தேடினேன். பெட்டிக்குள் கைவிட்டுத் துணி தேடுவதைப் போல, வழக்கமாக அது இருக்கும் இடத்தில் எல்லாம் தேடினேன். நெஞ்சில் இல்லை. அடிவயிற்றில் இல்லை. எதிரே என் சேலை பிணம்போலக் கிடக்கிறது, வாசலில் அண்ணன் மொட்டைத் தலையோடு நிற்கிறான், இனி எனக்கு இந்த வீடு இல்லை; எல்லாம் தெரிகிறது, ஆனாலும் இல்லை. கண்மாயில் வராதது, எந்த வீட்டில் அவர் பெயரைச் சொல்ல முடியாதோ அந்த வீட்டில், அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது வந்திருந்தது. சந்தோஷம் இல்லை அது. அழுதுகொண்டுதான் இருந்தேன். அழுகைக்குக் கீழே ஏதோ அசையாமல் கிடந்தது. காலை அதில் ஊன்றி நிற்கலாம்போல. அன்று பார்த்த எதையும்விட அதுதான் என்னைத் திகைக்க வைத்தது.

“துணைக்கு ஆளு இருந்துச்சு” என்றேன். இப்போது பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. “இப்பவும் இருக்கு.”

அம்மா என் தோளிலிருந்து முகத்தை நகர்த்தினாள். பிறகு என் காதோரமாக, ராகம் இல்லாத குரலில், கன்னடத்தில் கேட்டாள்.

“வேளைக்குச் சாப்பிடுறாளா?”

“சாப்பிடுறா.”

அவள் கைகள் என்னை விட்டன. அடுத்து வந்தவளுக்கு இடம் வேண்டும். துட்டி வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் கிடையாது. எழுந்தேன். பஞ்சம்மாள் அத்தை வெற்றிலை எச்சிலைத் துப்ப முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் என் செருப்பில் ஒன்று அப்பாவின் பாதத்துக்கு அடியில் இருந்தது. தெரிந்து மிதித்தாரா, தெரியாமலா, சொல்ல முடியாது. நான் நின்றேன். துண்டுக்குள் இருந்து முகம் நிமிரவில்லை. பாதம் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் பானையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தான். பாடைக்கு வழிவிடுவதுபோல ஓரமாக ஒதுங்கி நின்றேன். என்னை உரசிக்கொண்டு போனான். தெருமுனையில் பானை உடையும் சத்தம் கேட்டது. ஒரு நாய் பதறி ஓடியது. தண்ணீர் மண்ணில் பரவி, அந்த வெயிலில் உடனே உள்ளே இறங்கியது.

பானை உடைந்ததும் வீட்டுக்குள் அழுகை உச்சத்துக்கு ஏறும். அதுதான் முறை. ஏறியது. பஞ்சம்மாள் அத்தையின் உடைந்த குரல் தனியாகத் தெரிந்தது. மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பெற்றவளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்க வேண்டும். தெரு நடுவில் நின்று அத்தனை குரலுக்குள்ளும் அதைத் தேடினேன்.

அம்மா அழவில்லை.