ஆறு நாள் தலைவலி

"காதுல மறுபடியும் சீழ் வடியுது, தலை வெடிக்கிற மாதிரி இருக்குங்க. இன்னிக்காவது கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் சீதாலெட்சுமி.

பழனியப்பன் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். மலேசியாவின் காப்பாரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளைத் தோட்டத்திலிருந்து ஏற்றும் லோரி அவனுடையது. "காதுல சீழ் வடியறது உனக்குப் புதுசாலா? வேலைக்கு மட்டம் போட ஒரு சாக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவளும் தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு, பக்கத்து ஊரான மேருவிலுள்ள கையுறைத் தொழிற்சாலைக்கு பஸ் ஏறினாள்.

ஆறு நாள் இதேதான் நடந்தது. ஏழாம் நாள் மாலை அவன் வீடு திரும்பியபோது, அவள் கழுத்து விறைத்துச் சமையலறைத் தரையில் கிடந்தாள். பெயர் சொல்லிக் கத்தினான். கண் திறக்கவில்லை.

முதலில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ஆம்புலன்ஸில் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காதிலிருந்த கிருமி மூளையைச் சுற்றியிருக்கும் உறைவரை பரவிவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு தாதி படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்: "எந்தக் காதுல சீழ்? காய்ச்சல் என்னிக்கு ஆரம்பிச்சது? எந்த மருந்தாச்சும் ஒத்துக்காதா?"

ஆறு நாளாய்த் தலைவலி என்று அவள் சொல்லிவந்ததை மட்டும் சொன்னான்; தாதி எழுதிக்கொண்டாள். ஐந்து வருடம் கூடவே குடும்பம் நடத்தியவனுக்கு எந்தக் காது என்றுகூடத் தெரியவில்லை.

காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டுமே அவளைப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் பாய் விரித்து, பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டது. "சுடா மாக்கான்?" என்று, சாப்பிட்டாச்சா என மலாயில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் விசாரித்தார். சாப்பிட்டுவிட்டதாகத் தலையாட்டினான். யாருக்காவது போன் செய்யலாம் என்றால், அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவளோடு வேலை செய்யும் ஒருத்தியின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆனாலும் அவள் விழிக்கவில்லை. டாக்டர் சிவமலர் மூளை அலைகளைப் பார்க்க அவள் தலை முழுக்க மெல்லிய ஒயர்களை ஒட்டச் செய்தார். கட்டில் பக்கத்து இயந்திரத்தில் காகிதம் நகர, மை முட்கள் மேலும் கீழுமாகக் கோடு கிழித்தன.

"நிம்மதியாத் தூங்குறா, இல்லையா டாக்டர்?"

"இல்லண்ணே. வெளிய பாத்தாத்தான் அமைதி. மூளைக்குள்ள வலிப்பு நிக்காம ஓடிட்டு இருக்கு. இந்தக் கோடு காட்டலன்னா எங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

"பாவம், அவளால வாயத் தொறந்து சொல்ல முடியலையே."

டாக்டர் அவனைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "சொல்ல முடிஞ்சப்போ ஆறு நாள் சொன்னாங்கதானே?"

அவன் தலை குனிந்தது.

மருந்தை மாற்றினார்கள். இரவும் பகலும் அந்தக் கோடுகளைக் கவனித்து அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். தனக்குக் கிடைத்த அரை மணிகளில் அவனும் கண்ணெடுக்காமல் அவற்றையே பார்த்தான். இரண்டு நாளில் கோடுகள் அடங்கின. ஒன்பதாம் நாள் அவள் கண் திறந்தாள்.

"என்னை மன்னிச்சிரு சீதா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அவள் அவன் உதடுகளையே பார்த்தாள். "என்னங்க சொல்றீங்க? சத்தமாச் சொல்லுங்க" என்று வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்டாள். நோய் அவள் உயிரை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு காதின் கேட்கும் சக்தியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்தில் குலை ஏற்றிக்கொண்டிருந்தபோது, இன்னொரு லோரி ஓட்டும் வாசு சிரித்துக்கொண்டே சொன்னான்: "வீட்டுல மூணு நாளாக் காய்ச்சல், கழுத்து வலின்னு ஒரே புலம்பல். பொம்பளைங்க அப்படித்தான்லா."

பழனியப்பன் கையிலிருந்த கொக்கியைக் கீழே போட்டான்.

"உன் லோடையும் நானே ஏத்துறேன். நீ இப்பவே போய் அவங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா, அன்னிக்கே நம்பணும் வாசு. நான் நம்பல. இப்போ வீட்டுல நான் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேக்காது."