மூச்சுவிடும் நகரத்துக்கு ஒரு கையெழுத்து

சிவநேசனுக்கு நெரிசல் என்றால் ஆகாது. கோலாலம்பூரை ஒருமுறை சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி வரைய வேண்டும் என்பது அந்தக் கட்டடக் கலைஞரின் இருபது வருஷத்துக் கனவு. அதற்கு 'மூச்சுவிடும் நகரம்' என்று பெயர் வைத்து வெளிநாட்டில் இரண்டு பரிசும் வாங்கியிருந்தார். தரையெல்லாம் புல், மனிதர்கள் எல்லாரும் மேலே, வெள்ளைக் கோபுரங்களில். முதல் கோபுரம் பிரிக்ஃபீல்ட்ஸில், சரியாக எங்கள் ஃப்ளாட் நிற்கிற இடத்தில் எழ வேண்டியிருந்தது. இடைஞ்சல் நாங்கள்தான்.

எங்களுடையது நாலு மாடி, அறுபது வீடு, லிஃப்ட் கிடையாது. நாற்பத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டால் வேலை தொடங்கும் என்று கட்டுமானக் கம்பெனி சொல்லியிருந்தது. நாற்பத்தேழு வந்தாகிவிட்டது. குறைந்த அந்த ஒன்று நான், குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் பரமேஸ்வரன். செயலாளர் கடைசியில் போட்டால்தான் மதிப்பு என்று சம்மதக் கையெழுத்துப் பாரத்தை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். என் மனைவி புனிதா அதற்கு மதிப்பு என்று சொல்லவில்லை. வேறு வார்த்தை சொன்னாள். அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. நாலாவது மாடியை விட்டு இறங்கி ஐந்து மாதம் ஆகிறது. அவளுக்கு வேண்டியது லிஃப்ட், கொடுக்கப்போகிறவர் சிவநேசன், ஆகவே நான் அவர் கட்சி.

சங்கக் கூட்டத்தில் அவர் திரையில் படம் காட்டினார். எங்கள் கார் நிறுத்துமிடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, 'பயனற்ற நிலம்' என்று எழுதியிருந்தது. அடுத்த படத்தில் அதே இடம் புல்வெளியாகியிருந்தது. ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார், ஒரு பெண் நாயோடு நடந்துகொண்டிருந்தாள். அந்த இரண்டு பேரையும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இருந்தாலும் முதல் ஆளாகக் கை தட்டினேன்.

"நெரிசல் ஒரு வியாதி, அண்ணே. அதுக்கு மருந்து இடைவெளிதான்," என்றார்.

அவரும் இங்கே வளர்ந்தவர்தான். அப்பா இராமலிங்கம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர், தரைத்தள வீட்டில் முப்பது வருஷம் இருந்தார். மகன் பெரிய ஆளானதும் மோன்ட் கியாரா பக்கம் தானே வரைந்த காண்டோ அடுக்குமாடிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். பழைய வீடு, மன்னார்குடியிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்கிற கலியமூர்த்திக்கும் கூட வேலை செய்கிற ஐந்து பேருக்கும் வாடகைக்குப் போனது. நெரிசலை ஒழிக்கப் பிறந்தவர் இரண்டு அறைக்குள் ஆறு பேரை எப்படி வைத்தார் என்று நான் கேட்கவில்லை. கட்சிக்காரன் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் வந்தது.

"அண்ணே, அப்பா தவறிட்டாரு. ஆஸ்பத்திரியிலதான். காண்டோவுக்குக் கொண்டு போக முடியல, பாடி உள்ள வரக்கூடாதுன்னு ரூல்ஸ்."

அந்த ரூல்ஸை எழுதிய கமிட்டியில் அவரும் இருந்தார். லிஃப்டில் சவப்பெட்டி நுழையாதாம். அந்த லிஃப்டை வரைந்ததும் அவர்தான். வருகிறவர்கள் நிறுத்த எட்டே கார் இடம்தானாம். எல்லாவற்றையும் யாரோ செய்துவிட்டுப் போன தப்பைச் சொல்வதுபோல் சொன்னார். கடைசியில் குரல் உடைந்தது.

"கீழ் வீட்டுல வெச்சுக்கலாமா?"

"என்ன கேள்வி லா இது. கொண்டு வாங்க."

கலியமூர்த்தியும் கூட்டாளிகளும் மெத்தை, அடுப்பு, துணிமூட்டை எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு அரை மணியில் வீட்டைக் கழுவி வைத்தார்கள். நான் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினேன். எங்கள் இடத்தில் ஒரு காரை இன்னொன்று மறித்துத்தான் நிற்கும், ஆனால் எல்லாக் கண்ணாடிக்குப் பின்னாலும் சொந்தக்காரரின் போன் நம்பர் இருக்கும். ஒவ்வொன்றாக அழைத்தேன். "இராமலிங்கம் அண்ணன் போயிட்டாரு, காடிய எடுங்க." யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பத்து மணிக்குள் இடம் காலியாகிவிட்டது, கூடாரம் ஏறிவிட்டது, இருநூறு சிவப்பு நாற்காலி வந்துவிட்டது. பயனற்ற நிலத்தில் உறுமி அடித்தார்கள். முந்நூறு பேருக்குக் குறையாது.

புனிதா தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கலியமூர்த்தியும் இன்னொருவனும் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இராமலிங்கம் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். அழுது முடித்ததும் ஐந்து மாதமாகப் பார்க்காத நாற்பது பேரோடு பேசினாள். துக்க வீட்டில் சொல்லக் கூடாது, ஆனால் அவள் முகத்தை அப்படிப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போகும்போது, "லிஃப்ட் வந்தா தெனமும் எறங்கலாம்ங்க," என்றாள்.

செராஸ் மின்சுடலைக்கு ரதம் கிளம்புமுன் சிவநேசன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இத மறக்க மாட்டேன், அண்ணே. பிளான மாத்தறேன்."

நானும் நம்பி, அதை அறுபது வீட்டுக்கும் சொன்னேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் புதுப் பிளானோடு வந்தார். "இன்னைக்காச்சும் போட்டுட்டு வாங்க," என்று புனிதா பாரத்தை என் சட்டைப்பையில் திணித்து அனுப்பினாள். படிக்கட்டுக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்தோம். ஏழாவது மாடியில் அப்பா பெயரில் ஒரு மண்டபம் வரைந்திருந்தார். நூற்றிருபது இருக்கை, குளிர்சாதன வசதி. பெட்டி நீட்டமாகப் போகிற அளவுக்குத் தனி லிஃப்ட். அதன் அளவை விரலால் தொட்டுக் காட்டியபோது அவர் கண் கலங்கியது, எனக்கும் கலங்கியது. பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன்.

முப்பத்திரண்டு வருஷம் தபால் இலாகாவில் இருந்தவன் நான். கடைசிப் பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. பிளானின் கடைசிப் பக்கத்தில் மண்டப விதிகள் இருந்தன. மேளம் கூடாது. புகை கூடாது. மாலை ஐந்துக்கு மேல் கூடாது. மண்டபம் தேவைப்படுவோர் பதினான்கு நாள்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு தடவை படித்தேன்.

"தம்பி, உங்கப்பா எத்தன நாளைக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனாரு?"

சிவநேசன் குனிந்து அந்த வரியைப் படித்தார். முகம் வாடிவிட்டது. பிறகு என் கையிலிருந்த பேனாவை மெதுவாக வாங்கி, பதினான்கை அடித்து, பக்கத்தில் ஏழு என்று எழுதினார். திருத்தத்துக்குச் சாட்சியாகத் தன் சுருக்கொப்பத்தையும் போட்டார்.

"இப்ப ஓகேவா, அண்ணே?"

கேலி இல்லை. மனசாரக் கேட்டார். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் பேரம் பேசி மூன்று நாளுக்கு இறக்கியிருப்பேன். இவர் நல்லவர். அப்பாவைப் பறிகொடுத்த துக்கம் ஆறாமலே உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார். எனக்குப் பயமாக இருந்தது. பாரத்தை அப்படியே மடித்து, கையெழுத்து இல்லாமல் அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒன்றும் புரியாமல் அதை வாங்கிக்கொண்டு போனார்.

மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு புனிதா எட்டிப் பார்த்தாள்.

"போட்டாச்சா?"

"மேல வந்து சொல்றேன்," என்றேன்.

மொத்தம் அறுபத்தெட்டுப் படி. ஏறி முடிப்பதற்குள் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தாக வேண்டும்.