மணலின் மேற்படை

தொட்டி வேலை முடிந்த அன்று விமலாம்பிகை கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து சிரித்தாள்.

"பேராதனைக்குப் போய்ப் பட்டம் எடுத்துக்கொண்டு வந்து மணல் கழுவுறாய் அக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேட்டால் என்னெண்டு சொல்லுறது?"

பர்வதவர்த்தினி மணலைச் சமப்படுத்தினாள். அவள் வகுப்பில் மட்டும் பேசுபவள். நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். வீட்டில் பேச்சு முழுவதும் தங்கைக்கும் தாய்க்கும் உரியது.

அந்த மாரியில் ஊரில் டைபாய்ட் என்கிற நெருப்புக்காய்ச்சல் தொடங்கியிருந்தது. ஊர் ஆஸ்பத்திரி வைத்தியரான அப்போதிக்கரி ஐயா தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டார். தாய் சிவக்கொழுந்து கொஞ்ச நாள் காய்ச்சினாள். பிறகு விறகு ஈரம் என்றாள், காய்ச்சின தண்ணியில் உசிர் இல்லை என்றாள். அதற்காகத்தான் இந்தச் சீமெந்துத் தொட்டி. அடியில் கல், அதன் மேல் சல்லி, அதன் மேல் மண்கும்பானிலிருந்து சாக்கில் வந்த மணல். கிணற்றுத் தண்ணீரை மேலே ஊற்றினால் கீழே குழாயில் சொட்டுச் சொட்டாய் வரும்.

"மணல் அழுக்கைத்தான் மறிக்கும்" என்று பர்வதம் தங்கைக்குச் சொன்னாள். "கிருமியை மறிக்கிறது மணல் இல்லை. மணலுக்கு மேலை ஒரு வழுவழுப்பான படை தானா வளரும். அது வளரக் கன நாள் வேணும். வளர்ந்தாப் பிறகு அதுதான் வடிக்கிறது."

"ஊத்தைதான் ஊத்தையை மறிக்குதோ?"

"ஓம். அப்பிடித்தான்."

விமலா குழாயடியில் குனிந்து பார்த்தாள். அந்த வருடம் அவள் பல்கலைக்கழகச் சோதனை எடுக்க இருந்தாள். மொழிக்கும் மாவட்டத்துக்கும் ஏற்ப வெட்டுப்புள்ளியை மாற்றும் தரப்படுத்தல் வந்த பிறகு எத்தனை புள்ளி எடுத்தால் போதும் என்று தீவில் ஒருவருக்கும் தெரியாது.

"எங்களை வடிக்கிறவையும் இப்பிடி ஒரு தொட்டி வைச்சிருப்பினம். மேலை எல்லாரையும் ஊத்துறது. என்ன படை மறிக்குது எண்டு உள்ளை விழுந்தவனுக்குத் தெரியாது."

தாயிடம் பர்வதம் இவ்வளவு சொல்லவில்லை. "மேல் மணலிலை கை வையாதேங்கோ அம்மா, பழுதாப் போம்" என்றாள். தாய் தலையாட்டினாள்.

வாரங்கள் போயின. மணலின் மேல் மண்ணிறத்தில் ஒரு மெல்லிய தோல் படர்ந்தது. பர்வதம் அதைப் பார்த்த பிறகு, இனிக் காய்ச்சத் தேவையில்லை என்றாள். சிவக்கொழுந்துக்குச் சந்தோஷம். மகள் செய்த தொட்டி என்று பக்கத்து வளவுக்காரருக்குச் சொன்னாள். பர்வதம் மூடியைப் போட்டு மேலே ஒரு பவளக்கல்லை வைத்தாள். குழாயில் வந்த தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. அதன் பிறகு அவள் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

நல்ல தண்ணீர்க் கிணறு அந்தப் பக்கத்தில் அவர்களுடையது ஒன்றுதான், மற்றவை உப்பு. பனை ஏறும் சின்னத்தம்பியின் மனைவி மரியநாயகி ஒவ்வொரு நாளும் வேலியோரம் வந்து நிற்பாள். அவள் கயிற்றைத் தொடக்கூடாது. சிவக்கொழுந்து அள்ளி, உயரத்திலிருந்து அவளுடைய குடத்தில் ஊற்றுவாள். பாதி நிலத்தில் போகும்.

குழாய் வந்த பிறகு பர்வதம் தாயிடம் ஒரே ஒரு விடயம் கேட்டாள். மரியநாயகி குழாயில் தானே பிடிக்கட்டும் என்றாள்.

"சரி. எனக்கும் குனிஞ்சு அள்ளி நாரி நோகுது. பிடிக்கட்டும்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று பர்வதம் நினைக்கவில்லை. மரியநாயகியும் நம்பவில்லை.

"நாச்சியார் ஓம் எண்டவவோ? உண்மையாவோ ரீச்சர்?"

"ஓம். நீர் வந்து பிடியும்."

"பன்னாடையிலை வடிச்ச கள்ளு மாதிரி ஈ எறும்பு இல்லாமல் வருகுது" என்று சொல்லி மரியநாயகி குடத்தை வைத்தாள்.

வாடைக் காற்று பலத்தது. மழைத் தண்ணீர் நிலத்தில் தேங்கவில்லை. பவளக்கல் நிலம், மேலே விழுவது எல்லாம் அழுக்கோடு சேர்ந்து கீழே கிணற்றுக்குப் போகும். கிணறுகள் கட்டுவரை நிறைந்தன.

விமலாவுக்குத் தலையிடியோடு தொடங்கியது. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி ஐயா நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். நெருப்புக்காய்ச்சல்தான் என்றார்.

"வடிச்ச தண்ணிதான் குடிக்கிறனாங்கள்" என்றாள் பர்வதம்.

"அப்ப வேறை எங்கையும் குடிச்சிருப்பா. பள்ளிக்கூடத்திலை."

பள்ளிக்கூடத்துக்கு விமலா போத்தலில் வீட்டுத் தண்ணீரே கொண்டுபோனாள். பர்வதம் வீட்டுக்கு வந்ததும் கல்லை இறக்கி மூடியைத் திறந்தாள். மணல் வெள்ளை வெளேரென்று இருந்தது. கடற்கரை மணல்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. மஞ்சள் மணந்தது.

தாய் குசினியில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தொட்டி மணலை ஆர் கழுவினது?"

"நான்தான். ஒவ்வொரு நாளும் கழுவுறனான்." தாயின் குரலில் பெருமை இருந்தது. "அவள் பிடிச்சுக்கொண்டு போனாப் பிறகு குழாய்க்கு மஞ்சள் தண்ணி ஊத்துவன். பிறகு யோசிச்சன், அவள் தொட்ட தண்ணியும் எங்கட தண்ணியும் ஒரே மணலாலைதானே வருகுது? மேலை பாசியும் பிடிச்சுக் கிடந்தது. சிரட்டையாலை வழிச்செடுத்து மஞ்சள் தண்ணியிலை அலசிப் போடுவன். கை வையாதேங்கோ எண்டு சொன்னனி. கை வைக்கேல்லை. சிரட்டைதான்."

பர்வதம் வெளியே போய்த் தொட்டி மூடியைப் போட்டாள். பிறகு அறைக்குப் போனாள்.

விமலா கண்ணை மூடிக் கிடந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

"அம்மாட்டைச் சொல்லாதை."

"விமலா..."

"நான் எழும்பினாப் பிறகு சொல்லு. இப்ப சொன்னால் மனிசி இடிஞ்சுபோய் மூலையிலை குந்திவிடும். பிறகு என்னை ஆர் பாக்கிறது? உன்ர கஞ்சி வாயிலை வைக்க ஏலாது."

அன்றிலிருந்து பர்வதம் தண்ணீரைக் காய்ச்சினாள். தாய் ஏன் என்று கேட்டாள். காய்ச்சல்காரிக்கு என்றாள். குழாயில் பிடித்துக்கொண்டு போகிற மரியநாயகியை அவள் நினைக்கவில்லை. தாய் மகளுக்குப் பக்கத்தில் இருந்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள், தலையைத் தூக்கிப் பிடித்துக் கஞ்சி பருக்கினாள். விமலா ஒவ்வொரு வாயாகக் குடித்தாள்.

"நல்லா இருக்குதோ மேனை?"

"ஓம் அம்மா."

ஒரு விடியற்காலை விமலாவின் வயிறு பலகைபோல இறுகியது. குடல் ஓட்டை விட்டிருக்கும், யாழ்ப்பாணம் கொண்டுபோனால்தான் தப்பும் என்றார் அப்போதிக்கரி ஐயா. கதிரையில் இருத்தி மாவிலித்துறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடல் நுரைத்து வெள்ளையாகக் கிடந்தது. குறிகட்டுவானுக்குப் போகும் மோட்டர் வள்ளம் கட்டின இடத்தில் அடித்துக்கொண்டு நின்றது. ஓட்டி முருகேசு கையைப் பிசைந்தார்.

"விட்டால் எல்லாரும் போவம் பிள்ளை. கொஞ்சம் தணியட்டும்."

மத்தியானத்துக்குப் பிறகு காற்று கொஞ்சம் தணிந்தது. அதற்குள் விமலா போய்விட்டாள். போன கதிரையிலேயே திரும்பி வந்தாள்.

சாவுத் துடக்கு நாட்களில் வேலியோரம் யாரும் குடத்தோடு வரவில்லை. சாவு வீட்டில் மரியநாயகிக்கு வேலை இல்லை. பர்வதம் மட்டும் ஒவ்வொரு காலையும் கிணற்றில் அள்ளித் தொட்டியில் ஊற்றினாள். ஊற்றாவிட்டால் மணல் காய்ந்துவிடும். யாருக்காக ஊற்றுகிறாள் என்று அவள் யோசிக்கவில்லை. தாய் தொட்டிப் பக்கம் வரவேயில்லை.

துடக்குக் கழிந்த பிறகு மரியநாயகி வந்தாள். முகம் ஒடுங்கியிருந்தது. குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"வரேலாமல் போச்சு நாச்சியார். எங்கட வீட்டிலையும் காய்ச்சல். மனிசன் தப்பிட்டார். சின்னவன் இன்னும் எழும்பேல்லை."

சிவக்கொழுந்து எழுந்தாள்.

"அப்ப உங்களிட்டையிருந்துதானே வந்தது! குழாயிலை கையை வைச்சு என்ர பிள்ளையைக் கொன்றுபோட்டாய். அதுக்குத்தான் உங்களை எட்ட வைச்சிருந்தது. இந்த மூளிதான் விடச் சொன்னவள். போ! இனி இந்தப் பக்கம் குடத்தோடை கண்டால் தெரியும்."

மரியநாயகி பர்வதத்தைப் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை. அடி விழும் என்று தெரிந்தவர்கள் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

விமலா எழும்பின பிறகு சொல்லவேண்டியதைப் பர்வதம் இப்போது சொன்னாள்.

"அம்மா, அவையளிட்டையிருந்து எங்களுக்கு வரேல்லை. இங்கையிருந்துதான் அவையளுக்குப் போனது."

"என்ன சொல்லுறாய்?"

"கிணத்திலை கிருமி. வடிக்கிறது மணல் இல்லை அம்மா. நீங்கள் வழிச்செடுத்தனீங்களே, அந்தப் பாசி. அதுதான் மறிக்கிறது. அது இல்லாமல் ஊத்தினது எல்லாம் அப்பிடியே குழாயாலை வந்தது."

சிவக்கொழுந்து நடந்துபோய்த் தொட்டியின் கல்லை இறக்கினாள். மூடியைத் தூக்கினாள். யாரும் தொடாத நாட்களில் மணலின் மேல் மண்ணிறப் படை கனமாக வளர்ந்திருந்தது. அவள் விரலை நீட்டி, தண்ணீரைத் தொடுமுன் இழுத்துக்கொண்டாள்.

"உதுவோ?"

"ஓம்."

"அவளுக்குத் தெரியுமோ?"

பர்வதம் மரியநாயகியைப் பார்த்தாள். தாய் திரும்பிப் பார்க்காமலே திருப்பிக் கேட்டாள்.

"விமலாவுக்குத் தெரியுமோ எண்டு கேக்கிறன்."

"தெரியும்."

சிவக்கொழுந்து மூடியைக் கையில் பிடித்தபடி தொட்டியடியில் இருந்துவிட்டாள். "தெரிஞ்சுகொண்டே என்ர கையாலை குடிச்சவள்" என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள். பர்வதம் பக்கத்தில் போனாள். தாய் அவளைத் தள்ளிவிட்டாள்.

"குடத்தை வையும் மரியநாயகி" என்றாள் பர்வதம். "இப்ப இந்தத் தண்ணி நல்லது."

மரியநாயகி குழாயைப் பார்த்தாள். தொட்டியடியில் இருந்தவளைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு நாளும் நான் பிடிச்சுக்கொண்டு போய் ஒழுங்கை திரும்ப முந்தியே சிரட்டைச் சத்தம் கேக்கும் ரீச்சர். என்னத்துக்கெண்டு எனக்குத் தெரியும். தண்ணிக்காக வாயை மூடிக்கொண்டு வந்தனான்." குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். "எங்களுக்கு வேண்டாம்."

அவள் வெறுங்குடத்தோடு ஒழுங்கையில் போனாள். உப்புக் கிணறு அந்தப் பக்கம்தான் இருந்தது. குழாயின் கீழே வைத்திருந்த வாளி நிறைந்து, தெளிந்த தண்ணீர் விளிம்பால் வழிந்து சிவக்கொழுந்தின் சேலையை நனைத்தது. அவள் நகரவில்லை.