ரெண்டே ரெண்டு கிளை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல, என் தங்கையுடையது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தாள். உள்ளேகூட வராமல் வாசலில் நின்றபடியே நடந்ததைக் கொட்டித் தீர்த்தாள். "எழுது. பேர் போட்டு எழுது" என்றாள். பேர் போட எனக்குத் தைரியமில்லை. மற்றதை எழுதுகிறேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: இளங்காலை வெயில் இலைகளின்மேல் பொன்னாக உருகி...

போனில் வாசித்துக் காட்டினேன். பொன்னும் வேண்டாம் மண்ணும் வேண்டாம், விஷயத்துக்கு வா என்றாள்.

2

விஷயம் இதுதான். தங்கைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் கையில் நரம்பு தேடுகிறவள், ஏழாவது நாள் பறவை தேடப் போவாள். இருபது வருடமாக அந்தப் பக்கம் யார் கண்ணிலும் படாத ஒரு பறவையின் கூட்டை, ஆறு ஞாயிறு தனியாக அலைந்து கண்டுபிடித்தாள். முள் புதருக்குள், இடுப்பு உயரத்தில், கிண்ணம் அளவுக் கூடு. அதில் இரண்டு குஞ்சுகள்.

யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது. (இதை அவளே நூறு தடவை சொல்லிவிட்டாள்.) ஆனால் அத்தனை சந்தோஷத்தை எத்தனை நாள்தான் வாய்க்குள்ளேயே வைத்திருப்பது? கல்லூரிக் காலத் தோழியிடம் சொன்னாள். தோழி பள்ளிக்கூட டீச்சர். அவள் கணவர் பல் டாக்டர், முழங்கை நீள லென்ஸ் வைத்திருப்பவர். அடுத்த ஞாயிறு மூவரும் காரில் கிளம்பினார்கள்.

3

பல் டாக்டரை எழுதும்போது எனக்குக் கை தடுமாறியது. அவருக்கு ஒரு சோகம் கொடுத்துப் பார்த்தேன்: சின்ன வயதில் அவர் அப்பா வாங்கித் தர மறுத்த கேமரா...

"அது உனக்கு எப்படித் தெரியும்? அடிச்சிடு" என்றாள். அடித்துவிட்டேன்.

போகும் வழியில் அவர் நன்றாகத்தான் பேசினார். பாட்டுப் போட்டார். உண்மை என்பதால் இதை விட்டுவைக்கிறேன்.

4

தள்ளி நின்று அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் பேச்சு. தாய்ப்பறவை வந்து ஊட்டிவிட்டுப் போனது. தோழி தங்கையின் கையைப் பிடித்து அழுத்தினாள். தங்கைக்கு மனசு நிறைந்துவிட்டது.

தண்ணீர் பாட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டோமே என்றார் டாக்டர். கார் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றது. வழி தெரிந்தவள் என்று தங்கைதான் போனாள்.

திரும்பி வந்தபோது புதரின் ஒரு பக்கம் மொட்டையாக இருந்தது. கூட்டை மறைத்திருந்த இரண்டு கிளைகளை டாக்டர் கத்தரித்திருந்தார்.* மூன்றாவது கிளை படத்துக்குக் குறுக்கே வராதபடி தோழி வளைத்துப் பிடித்திருந்தாள். உச்சி வெயில் நேராகக் குஞ்சுகள்மேல் விழுந்தது. வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. தாய்ப்பறவை எதிர்ச்செடியில் கத்திக்கொண்டிருந்தது.

"விடுடி அதை" என்றாள் தங்கை.

தோழி விடவில்லை. கணவரைப் பார்த்தாள்.

"ரெண்டே ரெண்டு கிளைதானே, மறுபடி முளைச்சிடும்" என்றார் அவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தங்கை அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். தன் ஷூ கயிறுகளை உருவி, வெட்டிக் கிடந்த கிளைகளைக் கூட்டுக்கு மேலே வைத்துக் கட்டினாள். முள் கிழித்து இரண்டு கையிலும் ரத்தம். ஆள் நின்றால் தாய் வராது என்று இருவரையும் விரட்டினாள். காரில் ஏறவில்லை. கயிறில்லாத ஷூவை இழுத்துக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை நடந்தாள்.

(* ரோஜாச் செடி வெட்டும் கத்தரி. வீட்டிலிருந்தே பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். இதை அடிக்குறிப்பில் தள்ளினால் என் ஆத்திரம் கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.)

5

மூன்று வாரம் கழித்து அந்தப் படத்துக்கு ஒரு போட்டியில் முதல் பரிசு. தலைப்பு, ‘தாய்மை’.

தோழி போன் செய்தாள். எல்லாரும் வாழ்த்துச் சொல்கிறார்கள், நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றாள்.

"குஞ்சு உயிரோட இருக்கான்னு போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் தங்கை. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். பதினைந்து வருடச் சிநேகம் அதோடு சரி.

டாக்டருக்குப் படம் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. தோழியைத்தான் எழுத வரவில்லை. அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் மனதில்... (நான்கு தடவை ஆரம்பித்துவிட்டேன். என் பேனா அதற்குமேல் நகர மாட்டேன் என்கிறது.)

6

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் குஞ்சுகள் பறந்துபோய்க் கூடு காலியாக இருக்கிறது. இன்னொன்றில் எறும்பு மொய்த்திருக்கிறது. எது நடந்தது என்று தங்கையிடம் கேட்டேன். அவள் திரும்பப் போகவே இல்லையாம். போகப் பயம்.

"வா, ரெண்டு பேருமாப் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றேன்.

"எனக்காகக் கூப்பிடுறியா அண்ணா, கதைக்காகவா?"

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. அந்தக் கூடு எங்கே இருக்கிறது என்று உனக்கும் சொல்ல மாட்டேன் என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மாதமாக உட்கார்ந்து எழுதுகிறேன், எனக்குக்கூடக் காட்ட மாட்டாளா? அதை அவளிடமே கேட்டும்விட்டேன். டாக்டரும் இப்படித்தான் கேட்டிருப்பார் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. கட்டாயம் வேண்டும் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே நீங்கள் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். தேடிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.